சிப்பி மாலைக் கடை

சூரியன் கடலில் இறங்க இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. காதுக்காரருக்கு அவ்வளவு நேரம் இல்லை.

விடுதி அறையைப் பூட்டும்போதே மனைவி சொல்லியிருந்தாள்.

"பாத்ரூம் போயிட்டு வந்துடுங்களேன்."

"இப்பத்தானே போனேன்."

"அது மத்தியானம்."

"என்னை என்ன கொழந்தைன்னு நெனச்சியா? நீ போனியா?"

"எனக்கென்ன? நான் ஒட்டகம்."

அது உண்மை. கல்யாணமாகி முப்பத்திரண்டு வருடத்தில் எந்தப் பயணத்திலும் அவள் வண்டியை நிறுத்தச் சொன்னதில்லை. நிறுத்தச் சொல்வது எப்போதும் அவர்தான். "தனியாப் போகாதீங்க, இருட்டா இருக்கு" என்று அவளும் துணைக்கு இறங்குவாள்.

பாதிப் படி இறங்கியதும் காதுக்காரருக்குத் தவறு புரிந்தது. திரும்பி ஏறினால் அவள் ஜெயித்துவிடுவாள். இறங்கிவிட்டார்.

குடிநீர் வாரியத்தில் அவருடைய வேலை கசிவு கண்டுபிடிப்பது. இரும்புக் கம்பியின் ஒரு முனையைத் தரையில் ஊன்றி மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்பார். மண்ணுக்கு அடியில் குழாய் எங்கே ஒழுகுகிறது என்று சொல்லிவிடுவார். காதுக்காரர் என்ற பெயர் அப்படி வந்தது. ஓய்வு பெற்று மூன்று வருடமாகிறது. ஊரின் ஒழுக்கையெல்லாம் நிறுத்தியவருக்கு இப்போது சொந்த வால்வு சொன்ன பேச்சு கேட்பதில்லை.

தெருவுக்கு வந்ததும் மனைவி கைப்பையிலிருந்து அந்த மாலையை எடுத்தாள். சின்னச் சின்ன வெள்ளைச் சிப்பிகள். நடுவில் ஒரு பழுப்புச் சிப்பி. நூல் இரண்டு இடத்தில் முடிச்சுப் போடப்பட்டிருந்தது.

"எந்தப் பக்கம்?"

"எது?"

"எதுவா? கடைங்க. இத வாங்கின கடை."

அவர் கடலுக்கு எதிர்த் திசையைக் காட்டினார்.

இந்த ஊருக்கு அவர்கள் கல்யாணமான நாலாம் நாள் வந்தார்கள். கோட்டை, கலங்கரை விளக்கம், கடலை ஒட்டி நீளமான கல் சுவர். அதன் பிறகு இப்போதுதான் வருகிறார்கள். சின்ன மகளுக்கு அடுத்த மாதம் கல்யாணம். நகை, புடவை எதிலும் அவள் வாய் திறக்கவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள். அம்மாவுக்கு அப்பா வாங்கித் தந்த அதே மாலை, அதே கடையிலிருந்து.

தொலைபேசி அடித்தது. மகள்.

"அம்மா, கடை கெடச்சுதா?"

"அப்பா கூட்டிட்டுப் போறாருடி. அவருக்கு இந்த ஊர் தண்ணி பட்ட பாடு."

தண்ணி என்ற சொல் காதுக்காரருக்குப் பிடிக்கவில்லை.

"நான் ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன், நீயும் போடும்மா. பக்கத்துல இவர் இருக்கார். அந்தக் கதைய உன் வாயால ஒரு தடவ கேக்கணுமாம்."

மனைவி நடுத்தெருவில் நின்றுவிட்டாள். கதை சொல்வதென்றால் அவள் நடக்க மாட்டாள். காதுக்காரர் ஒரு காலில் நின்றார். பிறகு மறு காலில்.

"கேளுங்க மாப்பிள்ள. கல்யாணமாகி நாலு நாள். இவரோட நான் சரியா நாலு வார்த்த பேசினதில்ல. அந்தக் கல் சுவத்துல என்னை உக்கார வச்சாரு. 'அசையாம இரு, இதோ வந்துடறேன்'னாரு. போனவரு போனவருதான். ஒரு மணி நேரம். நான் அசையல. ஒரு காத்து அடிச்சுது பாருங்க, எங்க மாமியார் குடுத்த குடை, வாத்துத் தல புடி வச்சது, அப்படியே கடலுக்குள்ள போயிடுச்சு. அதப் புடிக்கக்கூட நான் எழுந்திருக்கல. இவரு அசையாதேன்னு சொல்லியிருக்காரே! சூரியன் பாதி முழுகினப்ப வந்தாரு. சட்டையெல்லாம் வேர்வ. கையில இந்த மால. ஊரு முழுக்க அலஞ்சு தேடியிருக்காரு, எனக்காக."

"கேட்டுக்குங்க" என்று மகள் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னாள். "எங்கப்பா மாதிரி இருக்கணும்."

"முயற்சி பண்றேன்" என்றது ஒரு பயந்த குரல்.

காதுக்காரர் வானத்தைப் பார்த்தார்.

அவர் ஊரெல்லாம் அலைந்தது உண்மை. தேடியது மாலையை அல்ல. புது மாப்பிள்ளை. புது மனைவியிடம் எப்படிச் சொல்வது? இதோ வருகிறேன் என்று போனவர் சந்து சந்தாக ஓடி, கடைசியில் ஒரு பொதுக் கழிப்பறையைக் கண்டுபிடித்தார். அதைக் கழுவிப் பார்த்துக்கொண்ட பெண் வாசலில் சிப்பி மாலைகளைக் கோத்துத் தொங்கவிட்டிருந்தாள். இவ்வளவு நேரம் எங்கே போனீர்கள் என்று கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே ஒன்றை வாங்கினார். மனைவி கேட்கத்தான் செய்தாள். அவர் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. மாலையை நீட்டினார். மீதியை அவளே சொல்லிக்கொண்டாள்.

அன்று அவள் அழுதாள். அப்படி அவரை நினைத்து அதற்கு முன் யாரும் அழுததில்லை. பிறகு எப்படித் திருத்துவது?

அதனால்தான் பாத்ரூம் என்ற சொல் இந்த ஊரில் மட்டும் அவர் வாயில் வரவில்லை. வீட்டில் ஒரு நாளைக்குப் பத்து தடவை சொல்வதுதான். இங்கே அதைச் சொன்னால் ஏதோ ஒரு நூல் அறுந்து எல்லாச் சிப்பியும் தரையில் உருளும் என்று தோன்றியது. தவிர, கடையும் கழிப்பறையும் ஒன்று. அவர் போயே ஆக வேண்டிய இடம், அவளைக் கூட்டிப் போகவே முடியாத இடம்.

கடைத்தெரு மாறியிருந்தது. கயிறும் வலையும் விற்ற இடத்தில் செல்போன் உறை விற்றார்கள். ஒரு பழைய மர மாடி மட்டும் அப்படியே இருந்தது. மனைவி அண்ணாந்து பார்த்தாள்.

"இந்த மாடியில ஒரு பூன இருந்துச்சு. ஞாபகம் இருக்கா? நீங்க அதப் பாத்து என்னமோ சொன்னீங்க. நான் மொத மொத சிரிச்சேன்."

"என்ன சொன்னேன்?"

"அது மறந்து போச்சு. சிரிச்சதுதான் ஞாபகம் இருக்கு."

அவர் அவளைப் பார்த்தார். வேறு சமயமாக இருந்தால் இன்னும் கொஞ்சம் பார்த்திருப்பார். அவளுக்குப் பின்னால் ஒரு டீக்கடை. உள்ளே, மூலையில், ஆண், பெண் படம் வரைந்த ஒரு கதவு. கீழே எழுதியிருந்தது: சாப்பிடுபவர்களுக்கு மட்டும்.

"தாகமா இருக்கு. வா, ஏதாவது குடிக்கலாம்."

"எனக்கு வேண்டாங்க."

"எலுமிச்ச ஜூஸ் ரெண்டு" என்று சொல்லிவிட்டார். பெரிய கண்ணாடி டம்ளர்களில் வந்தது. அவள் தன் டம்ளரை அவர் பக்கம் தள்ளினாள்.

"ஒரு வாய்கூட வேண்டாம். நீங்களே குடிங்க. வீணாக்காதீங்க."

இரண்டையும் குடித்தார். வீணாக்காமல் குடித்தார். பிறகு கல்லாப் பக்கம் போவதுபோல எழுந்து சர்வரிடம் குனிந்தார்.

"அந்தக் கதவு..."

"பூட்டியிருக்கு சார். மோட்டார் ரிப்பேர். ரெண்டு நாளா தண்ணி வரல." சர்வர் சத்தமாகப் பேசுகிறவர். "ரொம்ப அவசரமா?"

மனைவி திரும்பிப் பார்த்தாள்.

"இல்ல இல்ல. இங்க சிப்பி மாலைக் கடை எங்க இருக்குன்னு கேட்டேன்."

"சிப்பி மாலையா? அதுக்குக் கட ஏது சார்? கீழ கக்கூஸ் வாசல்ல ஒரு அம்மா..."

"நல்லது. ரொம்ப நல்லது" என்று அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார் காதுக்காரர்.

வெளியே வந்ததும் மனைவி கேட்டாள். "என்ன சொன்னாரு?"

"கோட்டைக்குள்ள இருக்கலாமாம்."

"கோட்டைக்குள்ளயா?" அவள் முகம் தெளிந்தது. "வாங்க, வாங்க. நாலு பேர் வந்துபோற இடம். எல்லா வசதியும் இருக்கும்."

அவருக்கு முன்னால் நடந்தாள். வேகமாக நடந்தாள். மூட்டு வலி என்று மருந்துக்கடைப் படி ஏற மாட்டாதவள். மகளுக்காக எப்படி ஓடுகிறாள் என்று நினைத்துக்கொண்டார்.

கோட்டையில் தனியாகச் சுற்ற முடியாது. கூட்டமாகத்தான் உள்ளே விடுவார்கள். கம்பிக் கதவைச் சாத்திப் பூட்டிவிட்டு வழிகாட்டி பேசத் தொடங்கினார். கறுப்புக் கண்ணாடி, கையில் குச்சி, தோளில் ஒரு தண்ணீர்ப் பாட்டில். சுற்றி முடியும்வரை கதவு திறக்காது.

பீரங்கி. பீரங்கியின் எடை. சிறை அறை. சிறையில் இருந்தவனின் வரலாறு. காதுக்காரர் கால்களைப் பின்னிக்கொண்டு வரலாற்றைக் கேட்டார். மனைவியும் அப்படித்தான் நின்றாள். கல் தரை குளிர்ந்திருந்தது.

கடைசியில் ஒரு சிறிய அறை. கடல் பார்த்த சுவரில் கல் இருக்கை. இருக்கையில் வட்டமாக ஒரு துளை.

"இது தளபதியோட கழிப்பறை" என்றார் வழிகாட்டி. "முந்நூறு வருஷம் பழசு. பூட்டு கெடையாது, மோட்டார் கெடையாது. நேரா கடலுக்குப் போயிடும். அந்தக் காலத்து மூள பாருங்க."

குறுக்கே ஒரு சிவப்புக் கயிறு கட்டியிருந்தது. தொடாதீர்கள் என்று பலகை.

கூட்டம் சிரித்தது. இரண்டு பேர் மட்டும் சிரிக்கவில்லை. காதுக்காரர் அந்தத் துளையை நீண்ட நேரம் பார்த்தார். பக்கத்தில் மனைவி பெருமூச்சு விட்டாள்.

"எவ்வளவு நல்லாக் கட்டியிருக்காங்க" என்றாள்.

"ஆமா. நல்ல கல் வேல."

"சத்தத்தக் கேளுங்க" என்று சொல்லி வழிகாட்டி பாட்டிலைத் திறந்து துளைக்குள் தண்ணீரை ஊற்றினார்.

முதலில் மெல்லிய தாரை. பிறகு கல்லில் சலசலப்பு. பிறகு ஆழத்தில் சொட்டுச் சொட்டாக. அது நிற்கவில்லை. மண்ணுக்கு அடியில் ஒழுகுவதைக் கேட்கப் பழகிய காது அது. ஒரு சொட்டையும் தவறவிடவில்லை. காதுக்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"இப்ப... இந்தக் காலத்துல... பொதுமக்களுக்கு இங்க என்ன ஏற்பாடு?" என்றார். "சும்மா, தெரிஞ்சுக்கத்தான். நான் வாரியத்துல இருந்தவன்."

"பாரம்பரியக் கட்டடம் சார். ஒரு செங்கல் வைக்க அனுமதி கெடையாது. எல்லாம் வெளியதான்." வழிகாட்டி பாட்டிலை உயர்த்தினார். "சத்தம் பின்னால இருக்கறவங்களுக்குக் கேக்கலன்னா இன்னொரு தடவ..."

"கேட்டுது" என்று காதுக்காரரும் மனைவியும் ஒரே குரலில் சொன்னார்கள்.

வெளியே வந்தபோது வெயில் மஞ்சளாகியிருந்தது. மனைவி கடைப் பேச்சையே எடுக்கவில்லை.

"சுவத்துக்குப் போயிடலாங்க. சூரியன் எறங்கப் போகுது. கடைய நாளைக்குப் பாத்துக்கலாம்."

கல் சுவர் அப்படியே இருந்தது. பகல் முழுக்கக் குடித்த வெயிலை இப்போது மெல்லத் திருப்பித் தந்துகொண்டிருந்தது. அவள் அதே இடத்தில் உட்கார்ந்தாள். அதே இடம்தான் என்று அவள் சொன்னாள். கல்லில் ஒரு மூலை உடைந்திருக்கும், அதுதான் அடையாளம். காற்றில் அவள் முன்முடி பறந்தது. நரைத்திருந்தாலும் அதே நெற்றியில்தான் விழுந்தது. அன்று அதை ஒதுக்கிவிட நினைத்து, தைரியம் வராமல் கையைப் பையில் விட்டுக்கொண்டது அவருக்கு ஞாபகம் வந்தது.

இன்று ஒதுக்கிவிட்டார்.

"என்ன திடீர்னு?" என்றாள்.

பக்கத்தில் உட்காரத்தான் வந்தார். அன்று தவறவிட்டதை இன்று சேர்ந்து பார்ப்பது என்றுதான் விடுதியிலிருந்தே நினைத்திருந்தார். கீழே ஒரு அலை பாறை இடுக்கில் புகுந்து, கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. அவ்வளவுதான்.

"இங்க பாரு. அசையாம இரு. இதோ வந்துடறேன்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"மறுபடியுமா?"

"கட எங்கன்னு இப்பத்தான் ஞாபகம் வந்துச்சு."

அவள் கண் கலங்கியதுபோல இருந்தது. "போங்க. மெதுவாவே வாங்க. அவசரமே இல்ல. நான் எங்கயும் போகல."

காதுக்காரர் முதல் திருப்பம்வரை நடந்தார். அதன் பிறகு ஓடினார்.

இடம் மறந்துபோயிருந்தது. அன்றும் தற்செயலாகத்தான் கிடைத்தது. இந்தச் சந்தா, அடுத்த சந்தா என்று தடுமாறியபோது காலுக்கடியில் ஒரு வட்ட இரும்பு மூடி தெரிந்தது. பாதாளச் சாக்கடை மூடி. அவர் நின்றார். வாழ்நாளெல்லாம் படித்த படிப்பு அப்போதுதான் கைகொடுத்தது. பொதுக் கழிப்பறை எங்கே இருந்தாலும் மூடிகள் அங்கே போய்த்தான் ஆக வேண்டும். மூடியிலிருந்து மூடிக்கு ஓடினார். மீன் சந்தை வழியாக, பள்ளிக்கூடத்தின் பின்பக்கமாக, ஒரு வீட்டுத் துணிக்கொடிக்கு அடியில் குனிந்து, கடல் பக்கமாகச் சுற்றிக்கொண்டு இறங்கினார். நடுவில் ஒரு மூடி பேக்கரி வாசலில் முடிந்தது. அது தொலைபேசிக் கம்பியின் மூடி. திரும்பி ஓடினார்.

கடைசி மூடி அவரைக் கொண்டுபோய்விட்ட இடம், தாழ்வான ஒரு ஓட்டுக் கட்டடம். பின்னால் உயரமான கல் சுவர். வாசலில் சிப்பி மாலைகள்.

உள்ளே போனார்.

அதே நீல ஓடுகள். அதே கீறல் விழுந்த கண்ணாடி. மேலே அதே சின்ன ஜன்னல், அதில் அதே அளவு வானம். முப்பத்திரண்டு வருடத்தில் இந்த ஊரில் மாறாதது இது ஒன்றுதான். கண்ணில் நீர் வந்தது. இருபத்தொன்பது வயது. கழுத்துப் பட்டையில் புதுத் துணியின் வாசனை. வெளியே எங்கேயோ ஒரு பெண் தன்னை நம்பி உட்கார்ந்திருக்கிறாள் என்ற நினைப்பு. அவர் அவசரப்படவில்லை.

வெளியே வந்தபோது வேறு மனிதராக இருந்தார். எல்லோரிடமும் பேசலாம் போலிருந்தது. ஆண்கள் கதவுக்கும் பெண்கள் கதவுக்கும் நடுவில் ஸ்டூல் போட்டு ஒரு நடுத்தர வயதுப் பெண் சிப்பி கோத்துக்கொண்டிருந்தாள். பெண்கள் பக்கம் குழாய் ஓடும் சத்தம் கேட்டது.

"மால ஒண்ணு குடும்மா. நடுவுல பழுப்புச் சிப்பி வச்சது."

"இந்தாங்க. பொண்ணுக்கா?"

"பொண்ணுக்குத்தான். மொத மால அவ அம்மாவுக்கு. இதே எடத்துல வாங்கினேன், முப்பத்திரண்டு வருஷத்துக்கு முன்னாடி."

"அப்ப எங்கம்மா இருந்திருப்பாங்க. மாலயெல்லாம் அவங்க ஆரம்பிச்சதுதான்."

"ஒரு ரகசியம் சொல்லட்டுமா?" காதுக்காரரின் குரல் சந்தோஷத்தில் உயர்ந்தது. இத்தனை வருடம் யாரிடமும் சொல்லாதது. "ஊரெல்லாம் அலஞ்சு தேடி இந்த மாலைய வாங்கினேன்னு எங்க வீட்டுல இன்னிக்கும் நெனச்சிட்டிருக்காங்க. நான் தேடினது இத!" ஆண்கள் கதவைத் தட்டிக் காட்டினார்.

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "எல்லாரும் இங்கதான் வாங்குவாங்கய்யா. வீட்டுக்குப் போனா கடைன்னு சொல்லிக்குவாங்க."

உள்ளே ஓடிக்கொண்டிருந்த குழாய் சட்டென்று நின்றது. காதுக்காரரின் காது அதைக் கவனித்தது. மனம் கவனிக்கவில்லை. ஏனென்றால் அப்போதுதான் அவள் தலைக்கு மேல் சாய்வெயிலுக்காக விரித்துக் கட்டியிருந்த குடையைப் பார்த்தார்.

துணி புதிது. பிடி பழையது. மரத்தில் வாத்துத் தலை. வாத்தின் மூக்கில் வரிசையாகச் சின்னப் பள்ளங்கள். பல் முளைக்கும் வயதில் அவர் கடித்தது. அவருடைய அம்மா வருகிறவர்களிடமெல்லாம் காட்டுவாள். குடை போன பிறகு சாகும்வரை மருமகளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: "இரும்புக் கம்பி, மரப் புடி. ரெண்டு கையால தூக்கணும். அத எந்தக் காத்துடியம்மா தூக்கிட்டுப் போச்சு?" அவர்தான் குறுக்கே விழுந்து காப்பாற்றுவார். "கடல் காத்தும்மா. உனக்குத் தெரியாது."

அவர் கையை உயர்த்தி வாத்தின் மூக்கைத் தடவிப் பார்த்தார்.

"இது..." கடல் எதையும் வைத்துக்கொள்வதில்லை. அவருக்கு உடம்பு சிலிர்த்தது. "இது அலையில ஒதுங்கிச்சா?"

"எது, குடையா? அலையில எங்க? லேடீஸ் பக்கம் ஆணியில தொங்கிட்டிருந்துச்சாம். எங்கம்மா வேலைக்கு வந்த புதுசுல. யாரோ மறந்துட்டுப் போனது. தேடி வருவாங்கன்னு வாசல்லயே மாட்டி வச்சாங்க. யாரும் வரல. துணி மட்டும் நாலஞ்சு தடவ மாத்தியாச்சு."

"லேடீஸ் பக்கமா?"

"ஆமா. அந்தப் பக்கம் படி இருக்குல்ல, மேல சுவத்துல உக்காந்திருக்கறவங்க எறங்கினா நேரா இங்கதான்." அவள் சுவரின் பக்கம் கையைக் காட்டினாள். "வேலைய முடிச்சிட்டு ஒரே நிமிஷத்துல ஏறிப் போயிடலாம்."

காதுக்காரர் படியைப் பார்த்தார். படிக்கு மேலே சுவரைப் பார்த்தார். சுவரில் ஒரு கல்லின் மூலை உடைந்திருந்தது. அதன் மேல் யாரும் இல்லை.

சூரியன் பாதி முழுகியிருந்தது.

பெண்கள் கதவு ஒரு விரல் அளவு திறந்தது. உடனே மூடிக்கொண்டது. ஸ்டூலில் இருந்தவள் உள்ளே தலையை நீட்டி எதையோ கேட்டுவிட்டுத் திரும்பினாள். கையில் மாலையோடு நிற்கிறவரிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"ஐயா, தப்பா நெனைக்காதீங்க, கொஞ்சம் சீக்கிரம் கெளம்புறீங்களா? உள்ள ஒரு அம்மா நீங்க போனாத்தான் வெளிய வருவாங்களாம், அவங்க மேல சுவத்துல அசையாம உக்காந்திருக்கணுமாமே?"